முன்னே நின்றவனும் பின்னே வந்தவனும்

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ, பாடியிலிருந்து அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூர் நோக்கிச் செல்லும் சி.டி.எச். சாலையிலோ, மாலை நேரத்து நெரிசலில் சிக்னலுக்காக நின்றுகொண்டிருக்கும் ஒரு காரின் பின்புறத்தில் லாரியோ வேனோ வந்து மோதிவிட்டால், அங்கே கூடுகிற ஜனங்களில் யாரேனும் ஒரு பெரியவர் "எல்லாம் விதி" என்று சொல்லாமல் போவதில்லை. காரில் இருந்தவருக்குப் பெரும்பாலும் இரத்தக் காயம்கூட இராது. அவர் தாமே கதவைத் திறந்துகொண்டு இறங்குவார், பின் பம்பரைத் தடவிப் பார்ப்பார், வீட்டுக்குப் போய் உண்டு உறங்குவார். மறுநாள் காலையில் கழுத்தைத் திருப்ப இயலாமல், தோளிலிருந்து தலைவரை ஒரு வலி பிடித்துக்கொண்டிருக்க, வைத்தியரிடம் போய்க் கழுத்துப் பட்டையோடு திரும்பும்போதுதான் தமக்கு என்னவோ நேர்ந்துவிட்டது என்பதை உணர்வார். சிலருக்கு அது சில நாட்களில் நீங்குகிறது. சிலருக்கு மாதக்கணக்கில், ஏன், வருஷக்கணக்கிலும் தொடர்கிறது.

அந்தப் பெரியவர் சொன்ன விதி என்னும் சொல்லைக் கேட்டு நகைப்பவர் உண்டு. நான் நகைக்கமாட்டேன். துன்பத்தைத் தாங்கிக்கொள்வதற்கு நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற சொற்களில் அது தலையாயது. அதைப் பிடுங்கிக்கொண்டு அதன் இடத்தில் வைப்பதற்கு வேறொன்று நம்மிடம் இல்லை. ஆனால் அந்தச் சொல்லை யார் சொல்லலாம், எந்த நிலையில் நின்று சொல்லலாம் என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடை காண வேண்டுமானால், அந்த மோதலில் நடந்தது இன்னதென்று முதலில் நிதானமாக அறிந்துகொள்ள வேண்டும்.

பின்னிருந்து இடிபட்ட கார் முன்னே தள்ளப்படுகிறது. காரோடு பிணைந்த இருக்கை முன்னே போகிறது. இருக்கையின் சாய்மானம் அமர்ந்திருப்பவரின் முதுகை அழுத்தி அவர் உடலையும் முன்னே தள்ளுகிறது. தலையைத் தள்ளுவதற்கோ எதுவும் இல்லை. நின்ற பொருள் தன்மேல் ஒரு விசை செயல்படும் வரையில் நின்றபடியேதான் இருக்கும் என்று 1687-ஆம் ஆண்டில் நியூட்டன் எழுதிவைத்த நியமத்துக்குத் தலையும் உட்பட்டதே ஆகையால், ஏறக்குறைய 5 கிலோ கனமுள்ள அந்தச் சிரசு இருந்த இடத்திலேயே இருக்க, அதன் கீழே உடல் விலகி ஓட, இரண்டையும் இணைக்கும் ஏழு கழுத்தெலும்புகள் அந்த விலகலின் பாரம் முழுவதையும் ஏற்கின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தலை பின்னே எறியப்பட்டதுபோலத் தோன்றும். உண்மையில் தலை எங்கும் போகவில்லை. உடல்தான் அதைவிட்டுப் போயிற்று. நம் வேதாந்திகள் கயிற்றரவு என்றும் கானல்நீர் என்றும் தோற்றத்துக்கும் மெய்ம்மைக்கும் உள்ள வேற்றுமையை விளக்கிய உதாரணங்களோடு இதையும் ஒன்றாகச் சேர்க்கலாம்.

தலை சாய்மானத்துக்கு மேலே மடங்கிப் போவதனால்தான் கழுத்து கேடுறுகிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அதனால்தான் அமெரிக்காவில் 1969-ஆம் ஆண்டு தொடக்கத்திலிருந்து புதிய கார்களின் முன்னிருக்கைகளில் தலைக்குத் தாங்கல், அதாவது நாம் ஹெட்ரெஸ்ட் என்று சொல்வது, இருந்தே தீர வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். ஆயினும் வலி முற்றிலும் ஒழியவில்லை. 1990-களில் யேல் பல்கலைக்கழகத்தில் மனோகர் பஞ்சாபி என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் செய்த சோதனைகள் அதன் காரணத்தைப் புலப்படுத்தின. தலை பின்னே மடங்குவதற்கு முன்பே, மோதலின் முதல் 100 மில்லி விநாடிக்குள், அதாவது ஒரு விநாடியில் பத்திலொரு பங்குக்குள், கழுத்து நெளிந்த வடிவம் ஒன்றை அடைகிறது: கீழ்க்கழுத்தின் எலும்புகள் பின்னோக்கி விரிய, மேற்கழுத்தின் எலும்புகள் முன்னோக்கி மடங்குகின்றன. இயல்பான அசைவில் ஒருபோதும் எய்தாத அந்த நிலையில்தான் கீழ்க்கழுத்தின் மூட்டுகளும் தசைநார்களும் தம் எல்லையைக் கடந்து இழுபடுகின்றன. இவ்வளவும் நடந்து முடியும்போது கழுத்தின் தசைகள் இறுகி உதவிக்கு வருவதற்குப் போதிய நேரம் ஆகியிராது. ஐயோ என்ற சொல் நாவில் உருவாவதற்குள் தீங்கு நிறைவேறிவிட்டது.

இதிலிருந்து எழுகிற தத்துவ விசாரத்தை எளிதாகத் தாண்டிப் போகக் கூடாது. மனிதனுடைய சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிற சமயங்கள் பலவும், அறிதல், விரும்புதல், முயலுதல் என்ற மூன்றும் கூடிய இடத்தில்தான் வினை என்பது உண்டு என்கின்றன. இந்தப் பத்திலொரு பங்கு விநாடியில் அறிதல் இல்லை, விரும்புதல் இல்லை, முயலுதலும் இல்லை. யோகியே ஆனாலும், மல்லனே ஆனாலும் அந்த க்ஷணத்தில் ஐந்து கிலோ கனமும் ஏழு எலும்புமாகத்தான் இருக்கிறான். அப்படியானால் அங்கே ஆட்சி செய்வது யாது?

இதற்கு வைசேஷிகரிடம் போவது பயன் தரும். அவர்கள் ஸம்ஸ்காரம் என்ற ஒரே குணத்தை மூன்று வகையாகப் பிரித்தார்கள். எய்த அம்பை மேலும் மேலும் செலுத்துகிற வேகம் ஒன்று. வளைத்த மூங்கிலைப் பழைய நிலைக்குத் திருப்புகிற ஸ்திதிஸ்தாபகம் இன்னொன்று. அனுபவித்தது ஆன்மாவில் பதிந்து பின்னர் நினைவாக எழுவதற்கு ஏதுவாகிற பாவனை மூன்றாவது. முதலிரண்டும் ஜடத்துக்கு உரியவை. மூன்றாவது சேதனனுக்கு உரியது. இவ்வளவு வேறுபட்டவற்றை ஒரு தலைப்பில் சேர்த்தது ஏன் என்று மாணவப் பருவத்தில் எனக்கு வியப்பாக இருந்ததுண்டு. மோதலில் இந்த மூன்றுமே இருக்கின்றன. லாரியின் வேகம் காரில் பாய்கிறது. பின்னே அழுந்திய சாய்மானம் தன் ஸ்திதிஸ்தாபகத்தால் மீண்டெழுந்து உடலை மேலும் ஓர் உந்து உந்துகிறது. எல்லாம் அடங்கிய பிறகு, பின்னால் ஒரு ஹாரன் ஒலித்தாலே தோள்கள் தாமே உயர்ந்து இறுகுகிற அச்சம் பாவனையாகப் பல மாதம் தங்கிவிடுகிறது. முன் நிகழ்ந்தது முடிந்துபோகாமல் பின் நிகழ்வதில் எஞ்சி நிற்பது என்ற ஒரே தர்மத்தைக் கண்டுதான் அவர்கள் மூன்றையும் ஒன்றாக வைத்தார்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வைசேஷிகத்துக்கு மூலமான கணாதருடைய சூத்திரங்களில் அதிருஷ்டம், அதாவது காணப்படாத காரணம், என்ற கருத்தும் வருகிறது. காந்தத்தை நோக்கி ஊசி நகர்வதற்குக் கண்ணுக்குத் தெரிந்த காரணம் ஒன்றும் இல்லாமையால் அதை அதிருஷ்டத்தின் காரியம் என்றார்; நெருப்பின் சுடர் மேல்நோக்கி எழுவதையும் அவ்வாறே சொன்னார். காணப்பட்ட காரணம் உள்ள இடத்தில் அவர் அதிருஷ்டத்தை அழைக்கவில்லை. அம்பின் ஓட்டத்துக்கு உந்துதலையும் வேகத்தையும், அது விழுவதற்குக் கனத்தையும்தான் காரணமாகக் காட்டினார். இந்த நேர்மை எனக்கு மிகவும் உவப்பானது. காந்தத்தின் இயல்பைப் பின்வந்தோர் அறிந்தபோது ஊசியின் நகர்வு அதிருஷ்டத்தின் ஆட்சியிலிருந்து நீங்கிற்று. அதனால் கணாதருக்கு இழுக்கு ஒன்றும் நேரவில்லை. கழுத்தின் நெளிவை அளந்து, அதன் காரணத்தையும் அதைத் தடுக்கும் வழியையும் கண்ட பிறகு, அதை மட்டும் இன்னும் அதிருஷ்டத்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருப்பதற்கு நமக்கு உரிமை உண்டா?

இனி அந்தப் பெரியவரின் சொல்லுக்குத் திரும்புவோம். நின்றுகொண்டிருந்த காரில் இருந்தவருக்கு அந்த மோதல் உண்மையாகவே அதிருஷ்டம், காணப்படாதது. அது முதுகுக்குப் பின்னிருந்து வந்தது, அவர் செய்யக்கூடியது அப்போது ஒன்றும் இல்லை. லாரியை ஓட்டிவந்தவருக்கோ அது திருஷ்டம். கண்ணுக்கு நேரே, சிவப்பு விளக்கோடு, நின்றுகொண்டிருந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் கண்டதை உணர்ந்து காலைப் பிரேக்கில் வைப்பதற்கு ஒன்றரை விநாடி ஆகும் என்று கொண்டால், அதற்குள்ளேயே வண்டி 25 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் பிடித்து நிற்பதற்கு அதன்பின் இன்னும் அவ்வளவு தூரம் வேண்டும். ஆக, அந்த ஐம்பது மீட்டருக்கு முந்தைய இடத்தில் அவருக்கு அறிதலும் விரும்புதலும் முயலுதலும் ஆகிய மூன்றும் பூரணமாக இருந்தன. ஒருவருக்கு ஊழாக வந்து விடிந்த அதே நிகழ்ச்சி, சில விநாடிகளுக்கு முன்பு, இன்னொருவருடைய காலின்கீழ்ச் சுதந்திரமாக இருந்தது. ஆகையால் விதி என்ற சொல்லை முன்னே நின்றவர் சொல்லலாம். அது அவருக்கு ஆறுதல். பின்னே வந்தவர் அதைச் சொல்லலாகாது. அவர் வாயில் அது பொய். மத்திய அரசு வெளியிட்ட 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நம் நாட்டுச் சாலை விபத்துகளில் ஐந்திலொன்றுக்கும் மேற்பட்டவை பின்னிருந்து மோதியவையே. விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடே அவ்வாண்டில் முதலிடத்தில் நின்றது. இவ்வளவு பேருடைய ஊழ் இவ்வளவு பேருடைய கால்களில் இருந்திருக்கிறது.

கனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கார்களின் உறுப்புகளைக் கடைந்து வார்க்கிறவர்களுக்கும், 1960-களிலிருந்து கவச வண்டிகளைச் செய்துவருகிற ஆவடித் தொழிற்சாலையில் உழைத்தவர்களுக்கும் கனத்தின் வீரியத்தை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 10 டன் கனமுள்ள லாரி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில், நிற்கிற 1 டன் காரை இடித்து, இரண்டும் ஒட்டிக்கொண்டு நகர்வதாக வைத்துக்கொண்டால், இரண்டின் வேகமும் ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஆகும். லாரி இழந்தது 2 கிலோமீட்டர் வேகம். கார் அடைந்தது 18. செயலும் எதிர்ச்செயலும் சமம் என்ற நியமம் இங்கே வழுவாமல் நிறைவேறுகிறது. இரண்டின்மேலும் விழுந்த விசை ஒன்றே. ஆனால் துன்பம் சமமாகப் பங்கிடப்படவில்லை. தீங்கு செய்தது எதுவோ அது ஏறக்குறைய ஒன்றையும் உணர்வதில்லை. லாரியில் இருந்தவருக்குச் சிறு குலுங்கல். காரில் இருந்தவருக்கோ, தலைக்குப் பின்னே தாங்கல் இல்லையானால், கழுத்தைச் சராசரியாக 20 கிலோ எடை பிடித்திழுப்பதற்கு ஒப்பான விசை. உச்ச க்ஷணத்தில் அதைவிட மிகுதி. இயற்கையின் நியாயத்தில் சமத்துவம் இருக்கிறது, இரக்கம் இல்லை. அந்த இரக்கத்தை இட்டு நிரப்புவதற்காக ஏற்பட்டதே தர்மம்.

திருவாரூர்த் தேர்க்காலில் கன்று வீழ்ந்த கதையை இந்த வெளிச்சத்தில் படித்துப் பார்க்க வேண்டும். இளவரசன் வேண்டுமென்று செய்யவில்லை. கன்றுதான் துள்ளிக் குறுக்கே வந்தது. பிராயச்சித்தம் செய்துகொண்டால் போதும் என்று மந்திரிகளும் சாஸ்திரம் காட்டிச் சொன்னார்கள். மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை. மகனையும் தேர்க்காலில் இடுவது என்று கதையின் முடிவில் வரும் தண்டனையை நம் காலத்து மனம் ஏற்பது கடினம், எனக்கும் கடினமே. ஆனால் அந்த அரசன் கண்ட உண்மை ஒன்று உண்டு: தேர் பெரிது, கன்று சிறிது, தேரில் இருந்தவனுக்கு ஓர் அதிர்வுகூட இல்லை, கன்றுக்கு உயிர் போயிற்று, ஆகவே, கனமானதைச் செலுத்துகிறவன், கண்டிலேன் என்று சொல்வதனால் மட்டும் விடுதலை அடைவதில்லை, காண வேண்டிய கடமை அவனுக்கே உரியது. அவனுடைய சிலையைச் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பூந்தமல்லிவரை வருகிற கண்டெய்னர் லாரிகளின் பாதையிலும் ஒன்று நிற்கலாம். லாரியைக் கண்டு அஞ்சுகிற கார்க்காரரும், தம் காருக்கு முன்னே செல்லும் இருசக்கர வாகனத்துக்குத் தாமே லாரி என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அறியாமல் செய்த தீங்குக்கு இன்னொரு மனிதன் என்ன செய்தான் என்பதை அறிய வெகுதூரம் போக வேண்டாம். ஆவடிக்கு அருகே திருமுல்லைவாயிலில் மாசிலாமணீசுவரர் கோயில் இருக்கிறது. குறும்பரோடு போரிட வந்த தொண்டைமானுடைய யானையின் கால்களை முல்லைக்கொடி சுற்றிக்கொண்டு நிறுத்த, அவன் வாளால் கொடியை வெட்ட, புதருள் மறைந்திருந்த லிங்கத்தின்மேல் வெட்டு விழுந்து இரத்தம் பெருகியது என்பது தலபுராணம். புதருக்குள் இறைவன் இருந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று அவன் வாதிக்கவில்லை. விதி என்றும் சொல்லவில்லை. அதே வாளைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டான். ஆண்டவன் வெளிப்பட்டு அவனைத் தடுத்தார். வெட்டுண்ட திருமேனிக்கு இன்றும் சந்தனக் காப்பு இடுகிறார்கள். அருள் கிடைத்த பிறகும் காயம் காயமாகவே இருக்கிறது, அதற்கு எப்போதும் பரிகாரம் வேண்டியிருக்கிறது என்று அந்தத் தலம் ஒப்புக்கொள்கிற முறையில் நான் பெரிதும் ஈடுபட்டிருக்கிறேன். மோதிவிட்டு, அடிபட்டவர் நடக்கிறார் என்பதைக் கண்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறவர்கள், மறுநாள் காலையில் தொடங்கப்போகும் அந்த வலியைத் தொண்டைமானைப்போல் தம்முடையதாகக் கருதினால் என்ன?

இதுவரை பின்னே வந்தவரைப் பற்றியே சொன்னேன். முன்னே நிற்பவருக்குச் சுதந்திரம் சிறிதும் இல்லையா என்றால், உண்டு. அதுவும் முன்கூட்டியே உண்டு. பூந்தமல்லியில் அவதரித்த திருக்கச்சி நம்பிகளை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. காஞ்சிப் பேரருளாளனுக்கு ஆலவட்டம் வீசிக் கைங்கரியம் செய்த அந்த மகான், இராமாநுஜருடைய மனத்தில் இருந்த ஐயங்களுக்குப் பெருமாளிடம் விடை கேட்டு வந்து சொன்ன ஆறு வார்த்தைகளை வைணவ உலகம் இன்றும் போற்றுகிறது. அவற்றில் ஒன்று, சரணாகதி செய்தவனுக்கு இறுதிக் காலத்தில் பகவானை நினைக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை என்பது. உயிர் பிரியும்போது எதை நினைக்கிறானோ அதையே அடைகிறான் என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் சொல்லியிருக்க, பத்திலொரு பங்கு விநாடியில் உயிர் போகிறவன் எதை நினைப்பான், எப்போது நினைப்பான் என்பது சாலையில் செல்லும் ஒவ்வொரு ஆஸ்திகனுடைய உள்ளத்தையும் ஒருமுறையேனும் அரித்திருக்கும். நம்பிகள் கொண்டுவந்த விடை அந்தக் கவலையைத் தீர்க்கிறது: செய்ய வேண்டியதை நலமாக இருக்கும்போதே செய்துவிட்டால், இயலாத க்ஷணத்தில் அதை இறைவன் கேட்பதில்லை.

இயற்கையின் நியமமும் இதே கட்டளையைத்தான் இடுகிறது என்பதைக் காணும்போது என் மனம் நெகிழ்கிறது. முன்புற மோதலை முதலில் பார்ப்போம்: மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். கார் முன்புறம் நசுங்கி 60 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்குமானால், பெல்ட்டினால் அதோடு கட்டுண்டவர்மேல் அவர் எடையைப்போல் சுமார் 16 மடங்கு விசை விழுகிறது. கட்டுண்ணாமல் பறந்துபோய் 5 சென்டிமீட்டருக்குள் நிற்பவர்மேல் ஏறக்குறைய 200 மடங்கு. முன்னதை உடல் தாங்கும்; 1954 டிசம்பர் 10 அன்று அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப், ராக்கெட் வண்டியில் மணிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஓடி, ஒன்றரை விநாடிக்குள் நிறுத்தப்பட்டு, 40 மடங்குக்கு மேலான விசையைத் தம் உடம்பிலேயே ஏற்று, உயிரோடு எழுந்தார். அவர் பிழைத்தது அந்த நேரத்துத் துணிவினால் அல்ல. புறப்படுமுன் அவரை இறுகக் கட்டியிருந்த பட்டைகளால். அவ்வாறே ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு தலையின் உச்சிக்குச் சமமாகவும், தலைக்கும் அதற்கும் இடைவெளி நாலு விரற்கடைக்கு மிகாமலும் இருந்தால், உடலோடு தலையும் சேர்ந்தே தள்ளப்படும். கழுத்து அந்த விபரீத நெளிவை அடையாது. தாழ்ந்திருந்தாலோ அதுவே தலை பின்னே மடங்குவதற்கு முட்டுக்கோலாகிவிடும். வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் அளித்துவிட்டு ஆள்வினைக்கும் ஓர் அதிகாரம் அளித்தார். இரண்டுக்கும் நடுவே உள்ள எல்லை மோதலின் முதல் மில்லி விநாடியில் ஓடுகிறது.

எல்லாவற்றையும் முறையாகச் செய்தவருக்கும் தீங்கு நேர்கிறதே என்பது உண்மை. அந்த நாளில், அந்த சிக்னலில், அந்த லாரிக்கு முன்னே இவர் ஏன் நின்றார் என்று கேட்டால் விஞ்ஞானம் விடை சொல்லாது. விடை சொல்வது அதன் தொழிலும் அன்று. அங்கே ஊழ் என்று சொல்லி அமைவதை நான் மறுக்கமாட்டேன்.

திருவேற்காட்டுக் கருமாரியம்மன் சந்நிதிக்குப் புதுக் கார்கள் பூஜைக்கு வருகின்றன. சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சூட்டி, சக்கரங்களின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, குடும்பத்தோடு வணங்கிப் புறப்படுகிறார்கள். ஹெட்ரெஸ்டோ கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையோடு மிகத் தாழ்ந்த படியிலேயே பல மாதம் கிடக்கிறது. கற்பூரம் காட்டிய பிறகு, வண்டியை எடுக்குமுன், குடும்பத் தலைவர் ஒவ்வொருவரையும் அவரவர் இடத்தில் உட்காரவைத்து, அவரவர் உயரத்துக்கு அதை உயர்த்தி, பெல்ட்டைப் பூட்டிவிடுவதையும் அந்தப் பூஜையின் அங்கமாக்கிக்கொள்ளலாம்; எந்த ஆகமத்துக்கும் அது விரோதமாகாது. பின்னிருக்கையில் அமரும் பாட்டியையும் விட்டுவிடக் கூடாது.